வாசகர் கேள்வி: பூட்டிய பாடசாலையும் பிதுங்கும் வகுப்பறையும்

பதில் தருபவர்: கொழும்பு வடக்கில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

கே: எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த சிறிய தமிழ்ப் பாடசாலையை, பிள்ளைகள் போதாது என்று மூடினார்கள். கட்டடம் இப்போது ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது. என் மகனோ பஸ் ஏறிப் போய், இரண்டு பேர் இருக்கவேண்டிய வாங்கில் மூன்று பேராக நெருக்கியடித்துப் படிக்கிறான். அந்தக் கட்டடத்தைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? (ஒரு தாய், மட்டக்குளி)

ப: கேட்க உரிமை உண்டு, தங்கச்சி. கிடைக்குமா என்பது குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. பதாகை எழுதுவதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இதற்கு உதவும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. மாகாணப் பாடசாலையாக இருந்தால் கொழும்பு வலயக் கல்விப் பணிமனைக்கோ மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கோ கொடுங்கள். தேசியப் பாடசாலை என்றால் கல்வி அமைச்சுக்கு. தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

“ஏன் மூடினீர்கள்?” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அலுவலகங்கள் அழகான கடிதம் எழுதும். அதில் ஒன்றும் இருக்காது. ஆவணமாகக் கேளுங்கள்: குத்தகைப் பத்திரத்தின் பிரதி, குத்தகைக் காலம், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, பாடசாலைக்குத் தேவைப்பட்டால் இடையில் மீளப் பெறலாம் என்ற நிபந்தனை உண்டா, மூடுவதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் மாணவர் தொகை. காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பல சிறிய பாடசாலைகள் மிஷன்களும் சைவ சபைகளும் தொடங்கியவை. உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961 சட்டங்களால் அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆனால் ஒவ்வொரு துண்டுக் காணியின் கதையும் ஒன்றல்ல. காணி அரசுடையது அல்ல என்றால் நீங்கள் தட்டவேண்டிய கதவே வேறு.

இனிக் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். அந்தப் பாடசாலையில் பிள்ளைகள் தாமாகவா குறைந்தார்கள்? ஒழுங்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையைப் பெரிய பெயருள்ள இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தொகை குறைந்ததும் ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுப் போனார்கள். ஆசிரியர் இல்லை என்று மிச்சப் பிள்ளைகளும் போனார்கள். கடைசியில் பூட்டுப் போட வந்த அதிகாரிக்கு வேலை மிகச் சுலபம்.

தரம் 1க்குப் பிள்ளைகளைப் புள்ளி போட்டுச் சேர்ப்பதற்குக் கல்வி அமைச்சு விடும் அனுமதிச் சுற்றறிக்கை இதில் செய்யும் வேடிக்கையைப் பாருங்கள். நேர்முகப் பரீட்சைக்குரிய இடங்களில் 50 சதவீதம் அருகில் வசிப்போருக்கு. ஆனால் நீங்கள் கேட்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்ட, பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். கிட்டிய பாடசாலைக்கே போகட்டும் என்ற நல்ல நோக்கம்தான். கிட்டிய பாடசாலையை மூடிவிட்டால்? அந்தக் கழிவும் போய்விடுகிறது. ஒழுங்கையில் எல்லோருக்கும் புள்ளி கூடுகிறது. பெரிய பாடசாலையில் ஒரு வாங்கும் கூடுவதில்லை. ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் நெரிசல்: இரண்டும் ஒரே காரியம் என்பதைப் பணிமனையில் இருப்பவர்கள் தனித்தனிக் கோவைகளில் வைத்திருக்கிறார்கள்.

தமிழ் மொழிமூலம் என்றால் அடி இன்னும் பலம். நம் மொழியில் படிப்பிக்கும் பாடசாலைகள் இந்த நகரில் குறைவு. ஒன்றை மூடினால் அடுத்தது நடை தூரத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மாணவர் தொகையை மட்டும் எண்ணி மூடுவது நியாயமில்லை என்பது என் வாதம்.

கே: என் அண்ணன் குடும்பம் அமெரிக்காவில், சியாட்டிலில் இருக்கிறது. மூடிய பாடசாலையைத் திரும்பத் திறப்பது நடக்கிற காரியமா என்று கேட்டால், அங்கே நடந்தது என்கிறார். உண்மையா? (கொட்டாஞ்சேனை வாசகி)

ப: உண்மைதான். சியாட்டில் கல்விச் சபை 2009 ஜனவரியில் ஐந்து பாடசாலைகளை மூட வாக்களித்தது. அடுத்த ஆண்டே பிள்ளைகளுக்கு இடம் போதாமல், 1980களில் மூடியிருந்த சேண்ட் பாயிண்ட், மெக்டொனால்ட் (சாப்பாட்டுக் கடை அல்ல) போன்ற பாடசாலைகளை மீண்டும் தொடங்கியது. அந்தக் கட்டடங்களைச் சபை விற்றிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குத்தகை என்றாலே எனக்குக் கோபம் வருவதில்லை. பூட்டிக் கறையான் அரிக்க விடுவதைவிட அது மேல். மீளப் பெற வழியில்லாத நீண்ட குத்தகைதான் விற்பனைக்குச் சமம்.

கே: வெள்ளவத்தையில் வாடகை வீடு. பெரிய பாடசாலைக்குப் புள்ளி போதாது. உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாமா? கிட்ட உள்ள சிறிய பாடசாலையில் சேர்க்க மனம் வரவில்லை. (ஒரு தந்தை)

ப: வேண்டாம், தம்பி. வாக்காளர் இடாப்பில் பல ஆண்டுப் பதிவைப் பார்க்கிறார்கள், வீட்டுக்கும் வருகிறார்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் இடம் போகும். பிள்ளை நடுவில் நிற்கும்.

ஐம்பது பேர் இருந்த வகுப்பிலும் பதினெட்டுப் பேர் இருந்த வகுப்பிலும் படிப்பித்தவன் நான். பதினெட்டில் ஒவ்வொரு கொப்பியும் அன்றே என் கையால் திருத்தப்பட்டது. ஐம்பதில் பின் வரிசைப் பிள்ளையின் குரலை நான் தவணை முடிவில்தான் கேட்டேன். ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் இருக்கிறது.

ஒரு நாள் காலை ஏழரைக்கு அந்தச் சிறிய பாடசாலைக்கு நேரில் போங்கள். தரம் 1க்கு வகுப்பாசிரியர் யார், அவர் நிரந்தரமா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிவறைக் கதவு பூட்டுப்படுகிறதா என்று அதிபரிடம் கேளுங்கள். பெயர்ப்பலகையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.