மட்டை யாருடையது?

கேள்வி: எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். பதினொரு வயது மகள் டென்னிஸ் ஆடுகிறாள். பயிற்சியாளர் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது உள்ளங்கை முன்னே பார்க்க அடிக்கும் அடிக்கு, ஈஸ்டர்ன் என்ற பிடியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் செமி வெஸ்டர்ன்தான் என்று வீடியோக்களில் பார்த்து, வீட்டில் நான் அதைப் பழக்குகிறேன். பந்து பட்டதும் மட்டை அவள் கையில் திரும்பிவிடுகிறது. இப்போது அவள் பிடிப்பது அண்ணனின் பழைய மட்டை. கைப்பிடி சற்றுத் தடிமன்தான், ஆனால் அவள் ஒன்றும் சொல்வதில்லை. மகனுக்குச் சிறு வயதில் வாங்கிய சின்ன மட்டையை உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டோம். மகன் இப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மகளுக்கு எந்தப் பிடி சரி?

பதில்: பிடியைப் பற்றிக் கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். பிடியைப் பிறகு பார்ப்போம். மட்டையைப் பற்றிப் போகிற போக்கில் எழுதினீர்களே, அதை விட்டு என்னால் நகர முடியவில்லை.

மகன் சிறுவனாக இருந்தபோது அவன் கைக்கு ஏற்ற மட்டையைத் தேடி வாங்கியிருக்கிறீர்கள். குழந்தைக்குத் தனி அளவு உண்டு என்பது அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் ஆட வந்தபோது அந்த அறிவு எங்கே போயிற்று? சின்ன மட்டை உறவுக்காரர் வீட்டுக்குப் போனது. பெரியவனின் மட்டை சின்னவள் கைக்கு வந்தது. அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்லிவிட்டு, ஏன் கால் தடுக்குகிறது என்று கேட்கிறீர்கள்.

பெரியவர்களின் மட்டை பொதுவாக 27 அங்குல நீளம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, உயரத்தைப் பொறுத்து, 25 அல்லது 26 அங்குலம் போதும். அதைவிட முக்கியம் கைப்பிடியின் சுற்றளவு. அது 4 அங்குலத்தில் தொடங்கி, அரைக்கால் அரைக்கால் அங்குலமாக ஏறி நாலரை வரை போகிறது. உங்கள் மகன் வளர்ந்த பிறகு வாங்கியது அனேகமாக 4⅜ ஆக இருக்கும். சிறுமியின் விரல்கள் அதைச் சுற்றி வளைக்கப் போதாது. வளைக்க முடியாத கை இறுக்கிப் பிடிக்கும்; முன்கை முழுவதும் விறைக்கும்; அப்படியும் பந்து மையம் தவறிப் பட்டால் மட்டை திரும்பும். நீங்கள் பார்த்தது இதைத்தான். இப்படியே விட்டால் மணிக்கட்டிலும் முழங்கையிலும் வலி தொடங்கலாம்.

சரிபார்ப்பது எளிது. அவள் ஈஸ்டர்ன் பிடியில் மட்டையைப் பிடிக்கட்டும். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மறுகையின் ஆட்காட்டி விரல் இறுக்கமில்லாமல் நுழைந்து நிறைய வேண்டும். நுழைந்தும் இடம் மிச்சமிருந்தால் கைப்பிடி பெரிது. மெல்லிய கைப்பிடியை நாடா சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். தடித்ததை மெலிய வைப்பது வீட்டில் நடக்கிற வேலையில்லை.

இனி பிடிக்கு வருகிறேன். கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்கப் பிடித்தால், வலக்கைக்காரரின் ஆட்காட்டி விரலின் அடிக்கணு வலது பக்கப் பட்டையில் அமர்வது ஈஸ்டர்ன். ஒரு பட்டை கீழே இறங்கினால் செமி வெஸ்டர்ன். முற்றிலும் அடிப்பட்டைக்குப் போனால் வெஸ்டர்ன். கை இறங்க இறங்க மட்டையின் முகம் கவிழும்; பந்து முன்னோக்கி உருளும் மேல்சுழற்சி கூடும்; இடுப்புக்கு மேலே வரும் பந்தை அடிப்பது சுலபமாகும்; தாழ்ந்து வரும் பந்து தொல்லை கொடுக்கும்.

"எல்லாரும் செமி வெஸ்டர்ன்" என்பது சரியில்லை. ஃபெடரர் ஈஸ்டர்ன் பிடியை ஒட்டி ஆடித்தான் விம்பிள்டனை 8 முறை வென்றார். அர்ஜென்டினாவின் டெல் போட்ரோவின் அந்தப் பயங்கரமான ஃபோர்ஹேண்டும் ஈஸ்டர்ன்தான். நடால் செமி வெஸ்டர்ன்; பந்து உயரமாக எழும்பும் பிரெஞ்சு ஓப்பன் களிமண்ணில் 14 பட்டங்கள். ஜோகோவிச் அதற்கும் வெஸ்டர்னுக்கும் நடுவே. போலந்துப் பெண் ஸ்வியாடெக்கின் கை இன்னும் கீழே இறங்கியிருக்கும். புல்தரைக்கு அது ஆகாது என்றார்கள், 2025இல் விம்பிள்டனையும் வென்றுவிட்டார். இவர்களில் எவரும் அடுத்தவர் கைக்கு அமைந்த மட்டையோடு ஆடவில்லை.

செமி வெஸ்டர்ன் நல்ல பிடிதான். அவள் வளர்ந்து, பந்து உயரமாக வரும் ஆட்டங்களுக்குப் போகும்போது கை தானாகவே கொஞ்சம் கீழே இறங்கலாம். ஐப்பசி மழைக்குப் பின் நம் பக்கத்து மண் தளங்களில் பந்து தாழ்ந்துதான் வரும். உங்கள் பயிற்சியாளர் ஈஸ்டர்னில் தொடங்கியதில் பிழை ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் அவரிடமே நேரில் கேட்டிருக்க வேண்டும். மகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் வீட்டில் வேறொன்றைப் பழக்குவது ஆசிரியருக்குச் செய்யும் அவமரியாதை. இரண்டு பெரியவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்ற பாரத்தை ஒரு குழந்தையின் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

அவள் ஒன்றும் சொல்வதில்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் கோபம் வந்தது. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் இப்படித்தான் பேசாமல் இருக்கிறார்கள். அண்ணனுக்குப் புதிது, தங்கைக்கு மிச்சம் என்ற வழக்கம் தட்டிலும் இருக்கிறது, படிப்பிலும் இருக்கிறது. நீங்கள் மகள்மீது பாசமில்லாதவர் அல்லர். அவளுக்காக ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்க்கிற அப்பா. அந்த அக்கறையில் பாதியைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாதா? கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில், 1968இல் தொடங்கிய ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் எனும் பெரும் போட்டிகளின் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். மகளின் ஆட்டத்தை முக்கியமாக நினைத்த தந்தை அவருக்கு இருந்தார்.

சம்பா நடவுச் செலவு இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். மகனுக்கு வாங்கிய ஆண்டிலும் நடவு இருந்திருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கூட்டிப்போங்கள். பயிற்சியாளரிடம் அளவு கேட்டுக்கொண்டு போங்கள். கடையில் நீங்கள் பிடித்துப் பார்க்க வேண்டாம். அவள் நாலைந்தை எடுத்துப் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். அதன்பின் மூன்று மாதம் வீட்டில் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். பழைய மட்டையை மகனிடம் கொடுத்துவிடுங்கள், விடுதியில் ஆடிக்கொள்வான்.