இளைக்கணும், அத்தோவும் வேணும்: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

உடம்பு இளைக்க முயற்சி பண்றவங்க புரோட்டா, பிரியாணி, அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் மாதிரி ரோட்டுக்கடைப் பண்டத்தை எவ்வளவு, எப்படி சாப்பிடலாம்னு இன்னைக்குக் கேளுங்க. நான் சொல்ற கலோரி எல்லாம் உத்தேசம், கடைக்குக் கடை மாறும். மாத்திரை அளவை மட்டும் என்கிட்ட கேட்காதீங்க, அதை உங்க டாக்டர்கிட்டதான் கேட்கணும்.

கொருக்குப்பேட்டை: மேடம், வயசு 34, உயரம் 168, எடை 84. ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது தினமும் ராத்திரி நாலு புரோட்டா, சால்னா. பத்து கிலோ குறையணும். புரோட்டாவை அடியோட விடணுமா?

பதில்: விட வேணாம். தினமும் நாலுங்கிறதைத்தான் விடணும்.

ஒரு புரோட்டாவுக்கு சுமார் 60 கிராம் மைதா போகுது, அதுவே 210 கலோரி. பிசையும்போது, வீசும்போது, கல்லுல போடும்போதுன்னு மூணு தடவை எண்ணெய் சேருது. குறைஞ்சது 8, 10 கிராம் உள்ளேயே தங்கிடும். எண்ணெய்க்கு கிராமுக்கு 9 கலோரி. ஆக ஒரு புரோட்டா 280லிருந்து 300. நாலுக்கு 1200 கிட்ட வரும். உங்க உடம்புக்கு ஒரு நாள் முழுக்கத் தேவையே 2200, 2400தான்.

இப்ப எடுக்கறதுல இல்லை, உடம்புக்குத் தேவையானதுல தினமும் 500 குறைச்சா, வாரத்துக்கு 3500. ஒரு கிலோ உடம்புக் கொழுப்புங்கறது ஏறக்குறைய 7700 கலோரி. அதனால வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கும். பத்து கிலோவுக்கு ஆறு மாசமாவது வெச்சுக்கங்க. ஆறு மாசம் புரோட்டாவே தொடாம இருப்பேன்னு ஆரம்பிக்கறவங்க நாலாவது வாரத்துல ஆறு புரோட்டாவுல வந்து நிப்பாங்க. அதனாலதான் அளவு வெச்சுக் கொடுக்கறேன்.

வாரத்துல ரெண்டு ராத்திரி. எந்தக் கிழமைன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, கடை வாசல்ல நின்னுட்டு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு புரோட்டா, கூட ரெண்டு முட்டை ஆம்லெட் இல்லைன்னா சிக்கன் துண்டு. அதுதான் அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு, வீட்டுக்குப் போய் மறுபடி சோறு கிடையாது. ஷிஃப்ட் முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு கப் சுண்டலோ ரெண்டு அவிச்ச முட்டையோ சாப்பிட்டுடுங்க. காஞ்ச வயித்தோட கல்லு முன்னாடி நின்னா ரெண்டோட யாராலும் நிறுத்த முடியாது.

சால்னாவை பார்சல் கவர்ல இருந்து நேரா புரோட்டா மேல ஊத்தாதீங்க. ஒரு டம்ளர்ல ஊத்திப் பத்து நிமிஷம் விடுங்க. மேல செகப்பா எண்ணெய் தெளிஞ்சு நிக்கும், ஸ்பூனால எடுத்துப் போட்டுடுங்க. பெரிய ஸ்பூன் ஒண்ணு எடுத்தாலே 120 கலோரி போச்சு. ருசி அடியில இருக்கற மசாலாவுலதான் இருக்கு.

கொத்து புரோட்டா வேற கணக்கு. ரெண்டு புரோட்டாவைக் கொத்தி, முட்டை போட்டு, அதுக்கு மேல ரெண்டு கரண்டி எண்ணெய், சால்னா. 800ஐத் தாண்டும். மாசத்துக்கு ஒண்ணு, அதையும் பாதிப் பாதியா ரெண்டு பேர்.

பெரம்பூர்: திங்கள்ல இருந்து சனி வரைக்கும் கரெக்டா இருக்கேன். ஞாயிறு சீட் டே, இஷ்டத்துக்குச் சாப்பிடற நாள். ஓகேவா?

பதில்: ஆறு நாள் 500 வீதம் மிச்சம் பிடிச்சது 3000. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணி 900, சிக்கன் 65 ஒரு பிளேட் 350, குளிர்பானம் 600 மில்லி 250, சாயங்காலம் பஜ்ஜி நாலு 400, ராத்திரி புரோட்டா மூணு சால்னாவோட 1000. காலை டிபனையும் சேர்த்தா 3300 கிட்ட. உங்க ஒரு நாள் தேவை 2300னு வெச்சா, 1000 மேல போகுது. மிச்சம் பிடிச்சதுல மூணுல ஒரு பங்கு ஒரே நாள்ல போயிடுச்சு. சனி ராத்திரியே ஆரம்பிச்சுட்டா பாதிக்கு மேல போயிடும். ஒரு நாள்னு வைக்காதீங்க, ஒரு வேளைன்னு வைங்க.

வியாசர்பாடி: அக்கா, சாயங்காலம் பிரியாணி சாப்பிடணும்னா காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடாம இருந்துடறேன். அது சரிதானே?

பதில்: சரியில்லை. பட்டினி கிடந்து போய் உக்கார்ந்தா அரை பிளேட்டுன்னு நினைச்சுப் போனது ஒண்ணரை பிளேட்டா முடியும். அன்னைக்கு மத்த வேளைகள்ல சோறு, எண்ணெயைக் குறைச்சு, முட்டை, மீன், பருப்பு, காய் மட்டும் எடுத்துக்கங்க. வேளையைத் தவற விடாதீங்க.

மூலக்கொத்தளம்: அம்மாவுக்கு 52 வயசு. சுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரை. மிண்ட் தெருவுல கச்சோரி சாப்பிடற அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டை விட்டுடறாங்க. மாத்திரை போட்டுக்கறாங்க. பரவாயில்லையா?

பதில்: இதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுக்கறவங்க சாப்பாட்டைத் தவற விட்டா சுகர் திடீர்னு இறங்கிடும். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க. இன்னும் 70க்குக் கீழே இருந்தா மறுபடி கொடுங்க. ஏறினதும் சாப்பாடு கொடுக்கணும். மயங்கிக் கிடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க. கச்சோரி பாதி சாப்பிடலாம், மத்தியானம் சாப்பிட்ட பிறகு. டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க.

ராயபுரம்: மேடம், செகண்ட் லைன் பீச் அத்தோ? வாரத்துக்கு மூணு தடவை சாப்பிடுவேன். எண்ணெய்ல பொரிக்கறது இல்லையே, கோஸ் எல்லாம் இருக்கே.

பதில்: ஒரு பிளேட்டைப் பிரிச்சுப் பார்ப்போம். வேக வெச்ச நூடுல்ஸ் ஒரு பெரிய கைப்பிடி, 120 கிராம்னா 170 கலோரி. கோஸ், வெங்காயம், மல்லி எல்லாம் சேர்ந்தும் 20 தாண்டாது. புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எலுமிச்சை பத்திக் கவலை இல்லை. பூண்டெண்ணெய் ஒரு சுத்து சுத்துவாங்களே, அது 15 மில்லியாவது வரும், 120. கடைசியா நொறுக்கிப் போடற பொரிச்ச தட்டையும் வறுத்த வெங்காயமும் சேர்ந்து 130, 150. ஆக 450 கிட்ட. இதுல பாதிக்கு மேல எண்ணெயில இருந்தும் பொரிச்சதுல இருந்தும் வருது. வாரத்துக்கு ஒண்ணு, தட்டை பாதி போட்டு.

வண்ணாரப்பேட்டை: அத்தோவைப் போய் ஜங்க் லிஸ்ட்ல சேர்க்கறீங்களே. பர்மாவுல இருந்து வந்த எங்க தாத்தா பாட்டி காலத்துல இருந்து சாப்பிடறோம். அப்ப யாரும் குண்டா இல்லை.

திருவொற்றியூர்: மைதா நூடுல்ஸ்தானே அண்ணா. தாத்தா சாப்பிட்டார்னா மைதா மாறிடுமா?

வண்ணாரப்பேட்டை: தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினார். நீங்க தூக்கறீங்களா?

பதில்: நீங்க சொன்னதுலேயே விடை இருக்கு. 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்த பிறகு, அந்தப் பத்து வருஷத்துக்குள்ள கையில ஒண்ணுமில்லாம திரும்பினவங்க செகண்ட் லைன் பீச் தெருவுல போட்ட கடைச் சாப்பாடு இது. அதை ஜங்க்னு நான் எங்கேயும் எழுதலை. நாள் முழுக்க மூட்டை தூக்கறவருக்கு இது ஒரு வேளைச் சாப்பாடு, நல்ல சாப்பாடுதான். இப்ப என்ன நடக்குது? ஏழு மணிக்கு அத்தோ நொறுக்குத்தீனியாப் போகுது. பத்து மணிக்கு வீட்டுல சோறு, குழம்பு, அப்பளம் தனி. அந்த 450 மேல வந்து உக்காருது. அத்தோவை ராத்திரிச் சாப்பாடா வெச்சு, கூட ஒரு முட்டை எடுத்துக்கிட்டா இளைக்கறவங்களுக்கும் அது பொருந்தும்.

ராயபுரம்: அப்ப வாரத்துக்கு மூணு தடவை ராத்திரிச் சாப்பாடா எடுத்துக்கலாமா?

பதில்: ரெண்டு. தட்டை பாதி, எண்ணெய் அரைச் சுத்து. கல்லுல போட்டுப் புரட்டித் தர்ற அத்தோ ஃப்ரை இந்தக் கணக்குல வராது, அதுல எண்ணெய் ரெண்டு பங்கு.

திருவொற்றியூர்: பூண்டு கொழுப்பைக் கரைக்கும்னு சொல்றாங்களே. பூண்டெண்ணெய் நல்லதுதானே?

வண்ணாரப்பேட்டை: எலுமிச்சையும் கரைக்கும்.

பதில்: பூண்டும் கரைக்காது, எலுமிச்சையும் கரைக்காது. எண்ணெய் எதோட சேர்ந்தாலும் கிராமுக்கு 9தான். இந்த நம்பிக்கையாலதான் எண்ணெய்க் கணக்கு எல்லார் கண்ணுக்கும் தப்புது.

தண்டையார்பேட்டை: அத்தோ கடை முட்டை மசாலா? வெங்காயம், பூண்டு வறுத்து உள்ளே வெச்சுத் தருவாங்களே?

பதில்: அங்கே கிடைக்கறதுலேயே நல்லது அதுதான். முட்டை 75, உள்ளே வைக்கற வறுவலுக்கு 40. ஆறு கிராம் புரதம் கிடைக்கும். வறுவலைக் கம்மியா வைக்கச் சொல்லி ரெண்டு எடுங்க. வாழைத்தண்டு சூப் குடிக்கலாம், அதுல தட்டை போட்டு பேஜோவா வேணாம். ரத்த அழுத்தம் இருக்கறவங்க சூப்பைப் பாதியோட நிறுத்துங்க, உப்பு அதிகம்.

எண்ணூர்: மேடம், நேத்து கடையில ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டேன். இன்னைக்குக் காலையில 1.5 கிலோ ஏறிடுச்சு. ரெண்டு வாரப் பாடு வீணா?

பதில்: வீணாகலை. 1.5 கிலோ கொழுப்பு சேரணும்னா தேவைக்கு மேல 11,500 கலோரி உள்ளே போயிருக்கணும். ஒரு ஃப்ரைட் ரைஸ்ல அது நடக்காது. ஏறினது தண்ணி. உப்பும் சோயா சாஸும் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். சோத்து மாவுச்சத்து உடம்புல கிளைக்கோஜன்கற சேமிப்புச் சத்தா சேரும்போது ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியைக் கூட வெச்சுக்கும். வயித்துல இருக்கற சாப்பாட்டு எடை வேற. ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். இந்தப் பயத்துல இன்னைக்குப் பட்டினி கிடக்காதீங்க, ராத்திரி மறுபடி கடைக்குப் போவீங்க. வாரத்துக்கு மூணு நாள் காலையில, கழிவறை போய்ட்டு வந்து எடை பார்த்துச் சராசரியை எழுதுங்க. இடுப்பையும் அளங்க. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதுக்குக் கீழே வரணும்.

புளியந்தோப்பு: பீஃப் பிரியாணி சாப்பிடலாமா?

பதில்: அரை பிளேட், கறி அதிகமா, தயிர் வெங்காயம், கூட ஒரு அவிச்ச முட்டை. வாரத்துக்கு ஒண்ணு.

மாதவரம்: சிக்கன் பிரியாணி சாப்பிடலாமா?

பதில்: மேலே இருக்கறதேதான்.

கொளத்தூர்: மட்டன் பிரியாணி?

பதில்: கறி மாறினா அளவு மாறாது. இதுவரைக்கும் வந்த பதில்களைப் படிச்சுட்டுக் கேளுங்க, தயவு செய்து.

காசிமேடு: வாரத்துக்கு ரெண்டு நாள் சிக்கன் பக்கோடா 100 கிராம் வாங்குவேன். 100 கிராம்தானே?

பதில்: 100 கிராம்ல 280, 300 கலோரி இருக்கும். அதோட நிக்கறதில்லை. எடை போட்ட பிறகு தட்டோட அடியில இருந்து கைநிறைய தூள் அள்ளி மேல போடுவாங்க. அது முழுக்க எண்ணெய் குடிச்ச மாவு. தூள் வேணாம்னு வாயைத் திறந்து சொல்லுங்க. எண்ணெயையும் பாருங்க. கருத்துப் போய், நுரை அடங்காம, சூடு ஏறறதுக்கு முன்னாடியே புகைஞ்சா அந்தக் கடையில வாங்காதீங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதி 2018லேயே அமலுக்கு வந்தது. நமக்கு அளக்கக் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான். உங்க ஊர்ல மீன் கிடைக்குது. சங்கராவோ வவ்வாலோ தோசைக்கல்லுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு வறுத்தா அதே காரம், அதே மொறுமொறுப்பு, கலோரி கம்மி.

ஓட்டேரி: வறுத்தது இல்லை, ஓவன்ல சுட்டதுன்னு போட்ட சிப்ஸ், மல்டிகிரெய்ன் பிஸ்கட் பரவாயில்லையா?

பதில்: முன்பக்கத்தைப் படிக்காதீங்க, பாக்கெட்டைத் திருப்புங்க. ஒரு பரிமாறல் 30 கிராம்னு போட்டு அதுக்கான கலோரியை எழுதியிருப்பாங்க. பாக்கெட் 90 கிராம்னா மூணால பெருக்கணும். சாதா உருளைச் சிப்ஸ் 100 கிராமுக்கு 540 கிட்ட. ஓவன்ல சுட்டது 450ன்னா வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா நல்லதுன்னு நினைச்சு ரெண்டு பாக்கெட் போயிடும். 2019ல அமெரிக்காவுல 20 பேரை வெச்சு நடத்தின ஆய்வுல, ஆலையில பதப்படுத்தின சாப்பாடு கொடுத்த வாரங்கள்ல அவங்க தன்னால நாளைக்கு 500 கலோரி கூடச் சாப்பிட்டாங்க. சின்னப் பாக்கெட்டா வாங்குங்க. கிண்ணத்துல கொட்டிச் சாப்பிடுங்க, பாக்கெட்டுக்குள்ள கை விட்டுச் சாப்பிடாதீங்க.

திரு.வி.க. நகர்: பையனுக்கு 9 வயசு, 45 கிலோ. அவனுக்கும் இந்தக் கணக்கா?

பதில்: வேணாம். வளர்ற பிள்ளைக்குக் கலோரி எண்ணக் கூடாது. குழந்தை டாக்டர்கிட்ட உயரம், எடை வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்க. குளிர்பானம் வாங்கி வீட்டுல வைக்கறதை மட்டும் இன்னைக்கே நிறுத்தலாம்.

மணலி: வாரத்துக்கு ஒரு குவார்ட்டர். சைடு டிஷ் மட்டும் குறைச்சா போதுமா?

பதில்: 180 மில்லியே 425 கலோரி. கல்லீரலுக்கும் அது கேடுதான். குறைக்கறதுல உதவி வேணும்னா டாக்டரைப் பாருங்க.

எருக்கஞ்சேரி: கடை டீ நாளைக்கு அஞ்சு. பிஸ்கட் எதுவும் இல்லை.

பதில்: ஒரு டீயில சர்க்கரை 10 கிராம், பாலோட சேர்த்து 80 கலோரி. அஞ்சுக்கு 400. ரெண்டாக்குங்க, சர்க்கரை பாதி.

வியாசர்பாடி: அக்கா, நான்தான். மத்தியானம் மட்டும் சாப்பிடாம இருந்தா?

பதில்: வேணாம் தம்பி. முன்னாடி சொன்ன அதே காரணம். மத்தியானம் பருப்பு, காய், மீன், ஒரு கரண்டி சோறு. அதுக்கப்புறம் பிரியாணிக்குப் போங்க.

வண்ணாரப்பேட்டை: மேடம், சனிக்கிழமை நாலு பேர் அத்தோ கடைக்குப் போறோம். ரெண்டு பேர் டயட். என்ன சொல்லி வாங்கணும்?

பதில்: போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு கொய்யாப்பழம், ஒரு டம்ளர் தண்ணி. கடையில அத்தோ ரெண்டு பிளேட் மட்டும் சொல்லுங்க, ஆளுக்கு அரை பிளேட், கோஸ் தூக்கலா, எண்ணெய் அரைச் சுத்து. தட்டையைக் கலக்காம தனியா ஒரு காகிதத்துல வாங்கிக்கங்க, டயட் இல்லாத ரெண்டு பேரும் அவங்க பங்குல போட்டுக்கட்டும். முட்டை மசாலா ஆறு: டயட்ல இருக்கறவங்களுக்கு ரெண்டு ரெண்டு, மத்தவங்களுக்கு ஒண்ணு ஒண்ணு. சூப் எல்லாருக்கும். டயட் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய 400 கலோரியில ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சுது. வீட்டுல அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குச் சோறு வைக்க வேணாம்னு கிளம்பும்போதே சொல்லிடுங்க.