பாட்டி தேவதூதராகிவிட்டாரா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "என் மாமியார் காலமாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் ஏழு வயது மகளிடம், 'பாட்டி ஏஞ்சலாகிவிட்டார், மேலேயிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று சொன்னார்கள். இப்போது அவள் இரவில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாட்டியைக் கூப்பிடுகிறாள். பதில் வராததால் அழுகிறாள். வேதாகமம் அப்படித்தான் போதிக்கிறதா? நினைவுநாள் அட்டையில் அதையே அச்சிடலாமா?"

மனிதர் இறந்தபின் தேவதூதராகிறார் என்று வேதாகமம் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. சொன்னவர்கள் குழந்தையைத் தேற்றத்தான் சொன்னார்கள்; அவர்கள்மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் பதில் வராத வானத்தைப் பார்த்து ஒரு குழந்தை தினமும் அழுவதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

புராட்டஸ்டன்ட் சபையார் தேவதூதர் என்கிறார்கள். கத்தோலிக்கர் வானதூதர் என்கிறார்கள். பழைய கத்தோலிக்க வழக்கில் 'காவல் சம்மனசு' என்ற சொல்லும் உண்டு. எபிரெயத்தில் 'மலாக்', கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்' என்ற இரண்டு சொற்களுக்கும் தூதுவர் என்பதே பொருள். எபிரெயர் 1:14 அவர்களைப் 'பணிவிடை ஆவிகள்' என்கிறது. பூமிக்கு அஸ்திபாரம் போடப்பட்டபோதே அவர்கள் கெம்பீரித்ததாக யோபு 38:7-ஐப் பெரும்பாலான உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அப்போது மனிதன் படைக்கப்படவே இல்லை.

குழப்பம் பெரும்பாலும் மத்தேயு 22:30-இலிருந்து வருகிறது. ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாவாள் என்று, உயிர்த்தெழுதலை நம்பாத யூதப் பிரிவினரான சதுசேயர் கேட்டபோது, அங்கே கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, அவர்கள் தேவதூதரைப்போல் இருப்பார்கள் என்று இயேசு பதிலளித்தார். 'போல்' என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் பொருளே மாறிப்போகும். எதில் ஒப்பு என்பதை லூக்கா 20:36 காட்டுகிறது: அவர்கள் இனி மரிக்கமாட்டார்கள். இதைவிடத் தெளிவான இடம் லூக்கா 16:22. தரித்திரனாகிய லாசரு மரித்தபோது தேவதூதர்கள் அவனை ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோனார்கள். சுமந்து சென்றவர்கள் தூதர்கள், சுமக்கப்பட்ட லாசருவோ லாசருவாகவே இருக்கிறான். உங்கள் மகளுக்கு இந்தக் கதையையே சொல்லலாம்.

பாட்டி இப்போது எங்கே என்ற கேள்விக்கு, "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்று பவுல் பிலிப்பியர் 1:23-இல் எழுதியதைப் பல சபைகள் விடையாகக் கொள்கின்றன. இறந்தோர் பரலோகம் சேருமுன் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய கத்தோலிக்கப் போதனையும், உயிர்த்தெழுதல்வரை நித்திரை என்று சில சபைகள் சொல்வதும் உண்டு. ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை என்பதில் இவர்களுக்குள் வேறுபாடு இல்லை: இறந்தோர் உடலோடு எழுந்திருப்பார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்தில் மனிதர் மேகத்துக்குப் பறந்து போவதில்லை. பரிசுத்த நகரம் இறங்கி வருகிறது, தேவன் மனுஷரிடத்தில் வாசமாயிருந்து அவர்கள் கண்ணீரைத் துடைக்கிறார். அன்றாடம் நாம் பேசும் 'மோட்ச'த்தைவிட இது எவ்வளவோ பெரிய நம்பிக்கை என்று நான் மனதார எண்ணுகிறேன்.

எனவே குழந்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "பாட்டி தேவதூதராக மாறவில்லை, நம்முடைய பாட்டியாகவேதான் இருக்கிறார், இயேசுவிடம் பத்திரமாக இருக்கிறார், ஒருநாள் இயேசு அவரை எழுப்புவார், அப்போது நாம் பார்ப்போம்." மாடியில் பதில் வராததற்குக் காரணம் பாட்டிக்குக் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், அப்படி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால் மத்தேயு 18:10 இருக்கிறது: சிறியவர்களுக்குரிய தூதர்கள் பரமபிதாவின் சமுகத்தை எப்போதும் தரிசிக்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று கீழ்ப்பாக்கத்துக்கோ காசிமேட்டுக்கோ அழைத்துப்போகும்போது, சிறகு விரித்த பளிங்குச் சிலையைக் காட்டி அவள் கேட்டால், அது அங்கே அடக்கமானவரின் உருவம் அல்ல, தூதரின் உருவம் என்று விளக்குங்கள்.

அட்டையில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சிடுங்கள். கத்தோலிக்கக் குடும்பமானால் 'இறைவனில் இளைப்பாறுகிறார்' என்பது பொருந்தும். கீழே 1 தெசலோனிக்கேயர் 4:14-ஐச் சேர்த்து, பாட்டியின் படத்தைச் சிறகு வரையாமல் அப்படியே போடுங்கள்.