படிப்பும் பில்லும் ஒரே வேரில்: லிதுவேனிய வாசிப்புச் சொற்கள் – கேள்வி பதில்

ஒரு பக்கம் வாசிப்பு தொடர்பான ஆங்கிலச் சொற்கள், எதிரே லிதுவேனியச் (பால்டிக் கடலோர ஐரோப்பிய நாடான லிதுவேனியாவின் மொழி) சொற்கள் என்று பட்டியல் வைத்துக்கொண்டு மொழி கற்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உச்சரிப்பை முடிந்தவரை தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒரு நல்ல செய்தி: லிதுவேனிய ‘த’ நம் ‘த’ போலவே பல்லைத் தொடும். ஆங்கிலம் பேசிப் பழகிய நாக்கோடு ‘ட’ என்று அடிக்காதீர்கள்.

கேள்வி: பட்டியலில் ‘ரீட்’ என்பதற்கு ‘ஸ்கைத்தீத்தி’ என்று இருக்கிறது. ‘நான் வில்னியஸில் (லிதுவேனியத் தலைநகர்) படிக்கிறேன்’ என்று சொல்ல அதையே போடலாமா அண்ணா?

வேண்டாம்மா. அது புத்தகத்தைப் பிரித்து வைத்து வாசிப்பதற்கான சொல். பள்ளிக்கூடப் படிப்புக்கு ‘மோக்கீத்திஸ்’, பல்கலைக்கழகப் படிப்புக்கு ‘ஸ்துதியுவோத்தி’. ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம் வராது. நமக்குத்தான் ‘படி’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விரிவுரைக்கு லிதுவேனியத்தில் ‘பஸ்கைத்தா’ என்று பெயர், பேராசிரியர் அதை ‘வாசிப்பார்’. நீங்கள் பல்கலைக்கழகத்தில் ‘ஸ்கைத்தௌ’ (வாசிக்கிறேன்) என்று சொன்னால், பாடம் நடத்துகிறீர்களோ என்று எதிரில் இருப்பவர் யோசிக்கக்கூடும்.

கேள்வி: உணவகத்தில் பில்லை ‘ஸாஸ்கைத்தா’ என்றார்கள். வாசிப்புச் சொல் அதற்குள் ஒளிந்திருப்பது போலத் தெரிகிறதே?

ஒளிந்திருக்கவில்லை, அதே வேர்தான். எண்ணுவதும் வாசிப்பதும் அங்கே ஒரே குடும்பம். ‘ஸ்கைச்சுஸ்’ என்றால் எண், ‘ஸ்கைத்முவோ’ என்றால் இலக்கம். பக்கத்து லாத்வியாவில் இதே வேர்ச்சொல் இன்றும் எண்ணுவதைத்தான் குறிக்கிறது, வாசிப்பதற்கு அவர்கள் ‘லஸீத்’ என்ற வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் ‘எண்ணும் எழுத்தும்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வதை நினைத்தால் இது அவ்வளவு விநோதமாகப் படாது.

முன்னொட்டுகளில் மட்டும் கவனமாக இருங்கள். ‘நுஸ்கைத்தீத்தி’ என்றால் ஸ்கேன் செய்வது. ‘அத்ஸ்கைத்தீத்தி’ என்றால் கழித்துக்கொள்வது, சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்களே, அதுதான். யாராவது உங்கள் சம்பளத்தைப் பற்றி இந்தச் சொல்லைச் சொன்னால், படித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ரீட்’ என்பதற்கு இறந்தகாலத்திலும் அதே எழுத்துகள். லிதுவேனியத்திலாவது தெளிவாக இருக்கிறதா?

தெளிவுக்குக் குறைவே இல்லை, இறந்தகாலமே இரண்டு. ‘ஸ்கைச்சௌ’ என்றால் வாசித்தேன், வாசித்துக்கொண்டிருந்தேன். ‘ஸ்கைத்தீதவௌ’ என்றால் முன்பெல்லாம் வாசிப்பேன், அது ஒரு வழக்கமாக இருந்தது. பாட்டி வீட்டு விடுமுறையைப் பற்றிச் சொல்ல இந்த இரண்டாவதுதான் வேண்டும். இவற்றோடு ‘பெர்’ என்ற முன்னொட்டைச் சேர்த்து ‘பெர்ஸ்கைச்சௌ’ என்றால் வாசித்து முடித்துவிட்டேன் என்று பொருள். ஆங்கிலம் வழியாகப் போனால் இவை மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். தமிழிலிருந்து நேராகப் போனால் ‘படித்தேன்’, ‘படிப்பேன் அப்போதெல்லாம்’, ‘படித்து முடித்தேன்’ என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். அதனால்தான் ஆங்கிலப் பத்தியை ஒரு கையால் மூடிக்கொண்டு படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேள்வி: ‘க்னீகீனஸ்’ நூலகமா, புத்தகக் கடையா?

கடை. நூலகம் ‘பிப்லியோத்தெக்கா’, அதற்குள் உட்கார்ந்து வாசிக்கும் அறை ‘ஸ்கைத்தீக்லா’. ‘ஈனஸ்’ என்ற பின்னொட்டு ஒன்றின் கூட்டத்தைக் காட்டும். ‘க்னீகா’ புத்தகம், புத்தகங்கள் கூடிய இடம் ‘க்னீகீனஸ்’. ‘ஜோதிஸ்’ சொல், சொற்கள் கூடினால் ‘ஜோதீனஸ்’, அதாவது அகராதி.

கேள்வி: பக்கத்துக்கு ஏன் ‘புஸ்லப்பிஸ்’ என்று இவ்வளவு நீளமான சொல்?

‘புஸ்’ என்றால் பாதி, ‘லாப்பஸ்’ என்றால் இலை. ஒரு தாளுக்கு இரண்டு முகம், அதில் ஒன்று பாதி இலை. மரத்து இலைக்கும் காகிதத் தாளுக்கும் அங்கே ஒரே பெயர். பனையோலையில் எழுதி ‘ஏடு’ என்றும், பூவுக்கும் பத்திரிகைக்கும் சேர்த்து ‘இதழ்’ என்றும் சொன்னவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அப்புறம் ‘ராஷ்தஸ்’. எழுத்து என்றும் பொருள், நெசவிலும் பின்னலிலும் வரும் அலங்கார வேலைப்பாடு என்றும் பொருள். பழந்தமிழில் ‘எழுது’ என்பது ஓவியம் தீட்டுவதையும் குறித்தது அல்லவா? செய்தித்தாள் ‘லைக்ராஷ்திஸ்’, காலம் என்ற சொல்லும் எழுத்து என்ற சொல்லும் ஒட்டியது.

கேள்வி: லிதுவேனியம் சமஸ்கிருதத்துக்கு நெருக்கம் என்கிறார்களே, இந்தப் பட்டியலில் ஏதாவது உண்டா?

நெருப்புக்கு ‘உக்னிஸ்’, பல்லுக்கு ‘தந்திஸ்’ என்று கேட்டால் அக்கினியும் தந்தமும் நினைவுக்கு வருவது நியாயம்தான், உறவு உண்மை. ஆனால் வாசிப்புச் சொற்களில் தேடாதீர்கள். லிதுவேனிய மொழியில் முதல் அச்சுநூல் வந்ததே 1547-இல், கோனிக்ஸ்பெர்க் நகரில். மார்த்தீனஸ் மாஜ்வீதஸ் தொகுத்த சமயப் பாடநூல் அது. வில்னியஸில் உள்ள தேசிய நூலகத்துக்கு இன்று அவர் பெயர். ‘க்னீகா’வே ஸ்லாவிய மொழிகளிலிருந்து கடன் வாங்கியதுதான்.

கேள்வி: புத்தகப் புழு?

‘க்னீகூ க்ரௌஜிக்கஸ்’. புத்தகத்தைக் கொறிப்பவர். நம்முடையது நெளிகிறது, அவர்களுடையது எலியைப் போலக் கொறிக்கிறது.

கேள்வி: ‘க்னீக்னெஷீஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘புத்தகக் கடத்தல்காரர்’ என்று போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தொழிலா?

அந்த மொழிபெயர்ப்பு எனக்குப் பிடிக்காது. சொல்லுக்குள் இருப்பது ‘நெஷ்தி’, சுமப்பது. நூல் சுமந்தவர் என்பதே நேரான பொருள்.

ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, 1864-லிருந்து ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல்களை அச்சிடத் தடை போட்டது. அச்சிடுவதானால் ரஷ்ய எழுத்தில்தான். மக்கள் அந்த நூல்களைச் சீண்டவில்லை. எல்லைக்கு அப்பால், அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் தில்ஜே போன்ற ஊர்களில் பிரார்த்தனை நூல்களும் அரிச்சுவடிகளும் பத்திரிகைகளும் அச்சாகி, இரவில் மூட்டை மூட்டையாக முதுகில் ஏறி வந்தன. பிடிபட்டவர்களைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். எல்லையிலேயே சுடப்பட்டவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத எழுத்தைத் தாய்மார்கள் இராட்டையில் நூற்றபடியே பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தடை 1904 மே 7-இல்தான் நீங்கியது, நாற்பது ஆண்டுகள் கழித்து. நூல் சுமந்தவர்களில் பெரும்பெயர் பெற்ற யுர்கிஸ் பியேலினிஸ் பிறந்த மார்ச் 16 அவர்களுக்கான நாளாக இன்று கொண்டாடப்படுகிறது. இவ்வளவையும் ‘கடத்தல்’ என்ற சொல்லில் எப்படி அடக்குவது?

கேள்வி: கடைசியாக ஒன்று. ‘வெர்ஸ்தி’ என்பதற்குப் பக்கத்தைப் புரட்டுவது என்றும் மொழிபெயர்ப்பது என்றும் இரண்டு பொருள் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. பக்கத்தைப் புரட்டினாலும் வண்டியைக் கவிழ்த்தாலும் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் ‘வெர்ஸ்தி’தான். பின்னால் வரும் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘பக்கம்’ வந்தால் புரட்டுங்கள், ‘லிதுவேனியத்துக்கு’ என்று வந்தால் பேனாவை எடுங்கள்.