பழைய 'மேஷ்' தொடரை ரசிகர்கள் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?

'மேஷ்' என்றால் போர்முனைக்கு அருகே கூடாரங்களில் இயங்கிய அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் அறுவை சிகிச்சை மருத்துவமனை. அப்படி ஒன்றில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் இது. 1972 முதல் 1983 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடியது.

முடிவு தெரிந்தபின் அதே சிரிப்பு வேறு மாதிரி கேட்கும், அதுதான் காரணம். 1975இல் மூன்றாம் சீசன் கடைசியில், அந்த மருத்துவமனையின் தலைவரான கர்னல் ஹென்றி பிளேக் ஊருக்குக் கிளம்புகிறார். அப்புறம் ரேடார் என்ற இளைஞன் ஆபரேஷன் அறைக்குள் வந்து, அவருடைய விமானம் ஜப்பான் கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டதாகச் சொல்கிறான். அந்தக் காட்சியைப் படமாக்கும் நேரம் வரை பெரும்பாலான நடிகர்களுக்கே இது தெரியாது. அதைப் பார்த்துவிட்டு முதல் சீசனுக்குப் போனால், ஹென்றியின் ஒவ்வொரு தடுமாற்றமும் மனதை என்னவோ செய்யும். பழைய கல்யாண வீடியோவில், இன்று இல்லாத தாத்தா பந்தியில் அடிக்கும் ஜோக்கைப் பார்ப்பது போல.

ஆபரேஷன் காட்சிகளில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. தொடரை எடுத்தவர்களின் மிக நேர்மையான தீர்மானம் அது என்பேன்.

இது வியட்நாம் கதை என்று பலர் நினைக்கிறார்கள். தொடர் தொடங்கியபோது நடந்துகொண்டிருந்தது வியட்நாம் போர்தான், ஆனால் கதை நடப்பது 1950-53 கொரியப் போரில்.