உருட்டும்போது உதிர்கிறது, மறுநாள் கல்லாகிறது!

கேள்வி: பேரீச்சம்பழம் 200 கிராம், ஓட்ஸ் 100 கிராம், பாதாம் 50 கிராம், தேன் 2 டேபிள்ஸ்பூன் சேர்த்து அரைத்து 20 உருண்டைகள் பிடிக்கிறேன். உடற்பயிற்சி முடித்ததும் இரண்டு சாப்பிடுவேன். இதில் போதுமான புரதம் கிடைக்கிறதா? சந்தேகம் வந்து, போன வாரம் பட்டாணிப் புரோட்டீன் பவுடர் ஒரு கப் கொட்டினேன். உருட்டும்போதே உதிர்ந்தது. தண்ணீர் தெளித்து எப்படியோ பிடித்துவிட்டேன். மறுநாள் கடிக்கவே முடியவில்லை. பவுடருக்குப் பதில் கடலை மாவை அப்படியே சேர்க்கலாமா? பால் பொருள் எதுவும் வேண்டாம். வீட்டில் ஓவன் அடுப்பும் இல்லை. எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: பழைய உருண்டையின் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் புரதம் 2 கிராம்தான். ஓட்ஸில் 13, பாதாமில் 21. நீங்கள் சொன்ன அளவில் எல்லாம் சேர்த்து 27, 28 கிராம் தேறும். அதை இருபதாகப் பங்கு போட்டால் ஓர் உருண்டைக்கு ஒன்றரை கிராம்கூட வராது. சர்க்கரையோ 8 கிராம். ஆக, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நல்ல இனிப்பு. புரத உணவு என்று சொல்வதற்கில்லை. கடைகளில் ‘எனர்ஜி’ என்று பெயர் ஒட்டி விற்பவற்றிலும் பல இந்த ரகம்தான். இன்னொன்று: தாவர உணவு மட்டும் என்பதில் கறாராக இருப்பவர் என்றால், தேன் அந்தக் கணக்கில் வராது.

பவுடர் சேர்க்கும் யோசனை சரிதான். சேர்த்த அளவும் வரிசையும்தான் காலை வாரிவிட்டன. பட்டாணிப் புரதம் தண்ணீரை நிறைய இழுக்கும், அதுவும் நிதானமாக இழுக்கும். கலந்த ஐந்தாவது நிமிடத்தில் பதமாகத் தெரியும் மாவு, இரவு முழுக்கப் பேரீச்சம்பழத்தின் ஈரத்தை உறிஞ்சிக் காலையில் இறுகிவிடும். இதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. பவுடர் மொத்த எடையில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். ஈரம் படுவதற்கு முன் பவுடர் மீது எண்ணெய்ப் பசை படியும்படி செய்யலாம். கீழே உள்ள அளவில் இரண்டும் இருக்கின்றன.

சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டர் 120 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், பட்டாணிப் புரதப் பவுடர் 60 கிராம், ஓட்ஸ் 60 கிராம், தோல் நீக்கிய பூசணி விதை 30 கிராம், கால் டீஸ்பூன் உப்பு. தண்ணீர் 3 முதல் 4 டேபிள்ஸ்பூன் பிடிக்கும். பவுடரைக் கப்பில் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்; அமுக்கி அளந்த கப்புக்கும் தளர அளந்த கப்புக்கும் வித்தியாசம் அதிகம். 30 கிராம் எடையில் 14 உருண்டைகள் வரும். ஒன்றில் ஏறத்தாழ 6.5 முதல் 7 கிராம் புரதம், 115 கலோரி. பவுடருக்குப் பவுடர் புரத அளவு மாறும். 100 கிராமுக்கு 80 என்ற கணக்கில் சொல்கிறேன். உங்கள் டப்பாவின் லேபிளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓட்ஸையும் பூசணி விதையையும் வெறும் வாணலியில் சிறு தீயில் ஐந்து நிமிடம், வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மிக்சியில் போட்டால் விதை எண்ணெய் கக்கும். ஆறியதும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி, கொரகொரப்பாக எடுங்கள். பேரீச்சம்பழத்தை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, விழுதாக அரையுங்கள். வடித்த நீரைக் கொட்ட வேண்டாம், மாவு பிசைய அதுதான்.

அகலமான பாத்திரத்தில் பீனட் பட்டரையும் உப்பையும் போட்டு, பவுடரைச் சலித்து இரண்டு தவணையாகச் சேர்த்துக் கிளறுங்கள். வெள்ளைத் திட்டு ஒன்றுகூடத் தெரியாமல், ஈர மணல் போல வர வேண்டும். அதன் பிறகே பேரீச்சை விழுது, கடைசியில் ஓட்ஸும் விதையும். பீனட் பட்டர் ஜாடியை அடிவரை கலக்கிவிட்டு எடுத்தீர்களா என்பதும் முக்கியம். மேலே எண்ணெய் மிதக்க, அடியில் இருக்கும் வறண்ட பாகத்தைச் சுரண்டிப் போட்டால் எந்த அளவும் சரிப்படாது. எடுத்து வைத்த நீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுப் பிசையுங்கள். கையில் இலேசாக ஒட்டும் பதத்தில், ‘கொஞ்சம் தளர்ந்துவிட்டதோ’ என்று தோன்றும்போது நிறுத்தி, மூடி 20 நிமிடம் வையுங்கள். அதற்குள் பவுடர் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும்.

பிறகு ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையாக அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் ஒரு டீஸ்பூன் நீர் சேருங்கள். வெடிக்காமல் மழுமழுவென்று இருந்தால் உருட்டலாம். உள்ளங்கையில் எண்ணெய் பளபளத்தால் மாவு சூடேறியிருக்கிறது. 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும். எவ்வளவு ஒட்டினாலும் மேலும் பவுடர் தூவ வேண்டாம். நாளைக்குக் கல்லாவது அந்தப் பவுடரால்தான்.

பட்டாணிப் புரதத்தில் ஒரு மண்வாசனை உண்டு. வறுத்த ஓட்ஸும் உப்பும் அதைப் பாதி அடக்கும். மீதிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரும் கூடவே ஒரு ஸ்பூன் நீரும் போதும். சாக்லேட் துண்டு போடுவதாக இருந்தால், டார்க் சாக்லேட்டிலும் பால் பொருள் இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். சியா விதையைச் சிலர் ஊறவைக்காமல் அப்படியே கொட்டுகிறார்கள். தன் எடையைப் போல் பல மடங்கு நீரை அது இழுக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் ஊறவைத்துப் போடுங்கள். அரிசிப் புரதப் பவுடரில் இதே அளவு பொருந்தாது. வாயில் நறநறக்கும், நீரும் குறைவாகவே பிடிக்கும்.

பச்சைக் கடலை மாவு வேண்டாம். கசப்பும் பச்சை வாடையும் ஒரு பக்கம், வயிற்று உபத்திரவம் இன்னொரு பக்கம். வேகாத மாவு எதுவானாலும் அதில் கிருமி இருக்க வாய்ப்புண்டு. ஓட்ஸ் அப்படியில்லை, ஆலையிலேயே ஆவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள். பவுடரே பிடிக்காதவர்கள், நன்றாக வேகவைத்துத் துணியில் ஈரம் ஒற்றிய கொண்டைக்கடலை 150 கிராமை மசித்து, 60 கிராம் பவுடருக்குப் பதில் சேர்க்கலாம். தண்ணீரே வேண்டாம், ஓட்ஸை 90 கிராமாக்குங்கள். வேகவைத்த கடலையில் 100 கிராமுக்கு 9 கிராம்தான் புரதம் என்பதால் உருண்டைக்கு 4 கிராம் போலத்தான் வரும். ஆனால் சுவையில் இதுதான் மேல்.

வைத்துச் சாப்பிடும் நாள் ஈரத்தைப் பொறுத்தது. பவுடர் உருண்டை காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். கொண்டைக்கடலை உருண்டை மூன்று நாள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஃப்ரீசரில் இரண்டும் இரண்டு மாதம் தாங்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க முதலில் தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கடித்துப் பார்த்து ‘கல்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குளிரில் பீனட் பட்டர் இறுகும், பத்து நிமிடம் வெளியே வைத்தால் இளகும்.

வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் அதே எடைக்குச் சூரியகாந்தி விதை விழுது போடலாம். உருண்டைக்கு அரை கிராம் புரதம் குறையும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் விதையை முழுதாக விடாமல் மாவாக்கிச் சேருங்கள். உருண்டையாகக் கொடுக்காமல் சின்னதாகப் பிய்த்துக் கொடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளாது.