காரணம்-விளைவு என்ற தொடர்பைத் தத்துவவாதிகள் ஹியூம், கான்ட் இருவருமே மனதில்தானே வைக்கிறார்கள்? பிறகென்ன வித்தியாசம்?

வித்தியாசம் பெரியது. ஹியூமுக்குக் காரணத் தொடர்பு என்பது தீயையும் சூட்டையும் பலமுறை சேர்த்துப் பார்த்த பழக்கத்தில் விளையும் எதிர்பார்ப்பு. கான்ட்டுக்கோ அது அனுபவத்துக்கே முன்நிபந்தனை.

‘மனம்’ என்று இருவரும் சொல்வது ஒன்றே என நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. ஹியூம் மனித இயல்பை விவரிக்கிறார். அனுபவம் சாத்தியமாக எது வேண்டும் என்பது கான்ட்டின் கேள்வி.

சரிபார்க்க, கான்ட்டின் 1781 நூலான ‘தூய அறிவின் விமர்சன’த்தில் ‘இரண்டாம் ஒப்புமை’ பகுதியின் வீடு, கப்பல் உதாரணங்களை மட்டும் படியுங்கள். வீட்டைக் கூரையிலிருந்தும் பார்க்கலாம், அடியிலிருந்தும் பார்க்கலாம். ஆற்றோடு இறங்கும் கப்பலை முதலில் ஆற்றின் மேற்பகுதியில், பிறகு கீழ்ப்பகுதியில் என்றுதான் பார்க்க முடியும். இரண்டிலும் காட்சிகள் அடுத்தடுத்தே வருகின்றன. கப்பலை மட்டும் நிகழ்வு என்று பிரிப்பது எது? காரண விதி என்கிறார் கான்ட். ஹியூம் போலப் பழக்கம் என்று சொல்லிப் பாருங்கள். பழக்கம் உருவாகவே ‘இது முன், அது பின்’ என்ற வரிசை ஏற்கெனவே வேண்டும். கான்ட்டின் வலு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஹியூம் தோற்றார் என்று எழுதிவிடாதீர்கள். நிகழ்வுக்கு ஏதோ ஒரு காரணம் உண்டு என்பதைத்தான் இந்த வாதம் நிறுவப் பார்க்கிறது. தீ சுடும் என்பது போன்ற குறிப்பிட்ட தொடர்பை, ஹியூம் சொன்னபடி, அனுபவத்தில்தான் கற்கவேண்டும். காட்சிகளின் வரிசை மாறாது என்பதிலிருந்து நிகழ்வுகளுக்கிடையே காரணக் கட்டாயம் உண்டு என்று தாவுவது செல்லாது என 1966இல் பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்ட்ராசன் வைத்த மறுப்பும் கடுமையானது.